தொட்டியில் தூங்கிய பன்னீர்க்கொடி

1

மகிழினிக்கும் சரவணனுக்கும், அவர்களோடு கம்பத்தில் பள்ளிக்கூடம் போகிற மற்றப் பிள்ளைகளுக்கும் பெரியப்பா எழுதுவது. கொஞ்சம் நீளமாகத்தான் வரும். பொறுமையாகப் படியுங்கள். பரீட்சை எதுவும் வைக்க மாட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்தீர்கள். உங்களுக்குச் சாயங்காலம், எங்களுக்குக் காலை. "பெரியப்பா, நீங்க வளக்குற திராட்சைக் கொடியக் காட்டுங்க" என்று சரவணன் கேட்டான். நான் போனை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன். கார் நிறுத்துகிற அறையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். மூலையில் பழைய போர்வை சுற்றிய ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அதன் நடுவில் என் விரல் தடிமனுக்கு ஒரு கொடி, மூங்கில் குச்சியோடு சேர்த்துக் கட்டியபடி நின்றது. பேருக்குக்கூட ஒரு இலை கிடையாது.

"இதுவா? வெளக்கமாத்துக் குச்சிய ஊனி வச்சிருக்கீங்க பெரியப்பா!"

எல்லோரும் சிரித்தோம். உங்கள் அப்பா சிரித்தான், நானும் சிரித்தேன். என் பக்கத்தில் நின்ற கயல் மட்டும் சிரிக்கவில்லை. "இட்ஸ் நாட் எ குச்சி. அது வந்து… அது…" என்று தமிழில் சொல்ல வார்த்தை தேடினாள். மகிழினி விளையாட்டாக, "அது வந்து… அது வந்து…" என்று அவளைப் போலவே இழுத்துக் காட்டினாள். கயல் சட்டென்று நகர்ந்து உள்ளே போய்விட்டாள்.

"நெட்டு போயிருச்சா பெரியப்பா? கயலக் காணோம்?"

நெட்டு போகவில்லை, பிள்ளைகளா. அவள் சொல்ல வந்ததை முடிக்க முடியாமல் போய்விட்டாள். அதை நான் முடித்து வைக்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். உங்களைத் திட்டுவதற்கு இல்லை. அந்தக் குச்சிக்கு என்ன நடந்தது என்று தெரிந்தால் நீங்களும் அவள் பக்கம்தான் நிற்பீர்கள்.

2

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும், மற்றப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நான் பத்தாவது வரைதான் படித்தேன். அப்புறம் லைசென்ஸ் எடுத்து, தோட்டத்துத் திராட்சையைப் பெட்டியில் ஏற்றிக் குமுளிக்கும் மதுரைக்கும் கொண்டுபோகிற மினி லாரி ஓட்டினேன். என் அத்தை மகள் வளர்மதி என்ஜினீயரிங் படித்தவள். கல்யாணம் ஆனபிறகு அவளுடைய கம்பெனி அவளை அமெரிக்காவுக்கு அனுப்பியது. அவள் பின்னாலேயே ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் வந்தேன். நாங்கள் இருக்கிற ஊர் ஈஸ்ட் பிரன்ஸ்விக். நியூ ஜெர்சி என்கிற மாநிலத்தில் இருக்கிறது. கயல் இங்கேதான் பிறந்தாள். பதினோரு வயது. தமிழில் என்ன பேசினாலும் புரியும். பதில் மட்டும் இங்கிலீஷும் தமிழும் கலந்து வரும்.

எனக்கு இங்கே ஒரு இந்தியக் கடையில் காய்கறிப் பக்கம் வேலை. காலையில் வண்டியில் வருகிற பெட்டிகளை உடைத்து, வெண்டைக்காயை ஒரு பக்கம், முருங்கைக்காயை ஒரு பக்கம் அடுக்குவேன். திராட்சையும் வரும். பச்சையாக, ஒரே அளவாக, விதை இல்லாமல், மெழுகு பொம்மை மாதிரி இருக்கும். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் ஒரு வாசமும் இருக்காது. பெட்டி திறக்கிறபோதெல்லாம் எனக்குள் ஒரு ஏமாற்றம் வரும். லாரிக் கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதுமே பன்னீர்த் திராட்சை வாசம், அதைத் தேடிய மூக்கு இது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், கோடை முடிகிற சமயம், சனிக்கிழமைச் சந்தைக்குப் போயிருந்தோம். இங்கே தோட்டக்காரர்களே விளைந்ததைக் கொண்டுவந்து விற்பார்கள். ஒரு வெள்ளைக்காரத் தாத்தா சின்னக் கூடையில் கறுப்புத் திராட்சை வைத்திருந்தார். ருசி பார்க்க ஒன்று கொடுத்தார். வாயில் போட்டேன். நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

"மாமா, என்னாச்சு? கல்லக் கடிச்சிட்டீங்களா?" என்றாள் வளர்மதி.

"நீ ஒண்ணு போட்டுப் பாரு."

போட்டாள். அவள் கண்ணும் பெரிதானது. "பன்னீரு!"

கயல் மட்டும், "ஈயூ, இதுல சீட்ஸ் இருக்கு" என்று முகத்தைச் சுளித்துத் துப்பினாள். அப்புறம் கையை மோந்து பார்த்து, "பட் ஸ்மெல்ஸ் லைக் ரோஸ் மில்க்" என்றாள். அந்தத் தாத்தா சொன்ன பெயர் வேறு. ஆனால் நம் ஊர்ப் பன்னீரும் அதுவும் ஒரே சாதிதானாம். கடல் கடந்து நம் ஊருக்கு வந்த கொடி, நம் ஊரில் நல்ல பெயர் எடுத்துவிட்டது. அடுத்த வசந்தத்தில் ஒரு செடிக்கடையில் அதே சாதியில் ஒரு வருடக் கொடி கிடைத்தது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

3

இனி ஒரு சலிப்பான விஷயம் சொல்ல வேண்டும். இதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

நாங்கள் இந்த நாட்டில் இருப்பது விசாவில். வளர்மதியின் கம்பெனி சில வருடத்துக்கு ஒருமுறை விண்ணப்பம் போட வேண்டும். அதை ஒரு ஆபீஸ் படித்துப் பார்த்து, இருக்கலாம் என்றோ கிளம்பு என்றோ சொல்லும். நான் கடையில் வேலை பார்ப்பதும் அதைப் பிடித்துத்தான் தொங்குகிறது. கிரீன் கார்டு என்று ஒன்று வந்துவிட்டால் இந்தக் கவலை இல்லை. அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. அது நம் ஊர் ரேஷன் கடை வரிசை மாதிரி கண்ணுக்குத் தெரிகிற வரிசை இல்லை. எங்களுக்கு முன்னால் எத்தனை பேர், பின்னால் எத்தனை பேர் என்று எட்டிப் பார்க்க முடியாது.

அதனால் எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பதில். சோபா வாங்கலாமா? விசா வரட்டும். கயல் ரூமுக்கு நீல பெயின்ட் அடிக்கலாமா? விசா வரட்டும். ஒரு நாய்க்குட்டி? விசா வரட்டும். கயல் சுத்தமான கம்பத்துத் தமிழில் சொல்கிற வாக்கியம் இது ஒன்றுதான். அவள் அம்மா மாதிரியே இடுப்பில் கை வைத்துச் சொல்வாள். சிரிப்பாகவும் இருக்கும், சிரித்து முடித்ததும் ஒரு மாதிரியாகவும் இருக்கும்.

கொடியைக் கொண்டுவந்த அன்றும் அதுதான் நடந்தது. வாடகை வீடு என்றாலும் பின்பக்கம் கொஞ்சம் மண் உண்டு. "வேர் போய்ப் புடிக்கட்டும், இங்க ஊனிருவோமா?" என்று கேட்டேன்.

"மண்ணுல வச்சா அப்புறம் புடுங்க முடியாது மாமா. காய்க்கவே மூணு வருஷம் ஆகும்னு நீங்கதான் சொல்றீங்க. மூணு வருஷம் நம்ம எங்க இருப்போம்னு யாரு கண்டா? தொட்டியில வைங்க. விசா வரட்டும், பாத்துக்கலாம்."

தொட்டியில் வைத்தோம். பின்வாசல் மரப்படியில் அந்தத் தொட்டி உட்கார்ந்தது.

கோடையில் அது வளர்ந்த வேகத்தைக் கயல் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். இவள் கட்டிவிட்ட நூலைக் கொடி தன் பற்றுச்சுருளை நீட்டித் தானாகவே தேடிப் பிடித்தது. "அப்பா, கண்ணே இல்லாம எப்படி ஃபைண்ட் பண்ணுது?" இத்தனை வருடம் திராட்சைக்கு நடுவில் கிடந்தவன், ஒரு நாளும் அப்படி யோசித்ததில்லை. கொடி அவள் உயரத்தைத் தாண்டியது, என் உயரத்தையும் தாண்டியது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைத் தூக்கி எறிந்துவிட்டு முதலில் பின்வாசலுக்குத்தான் ஓடுவாள்.

4

அக்டோபரில் இலை மஞ்சளானது. நவம்பரில் ஒவ்வொன்றாக விழுந்தது. இங்கே எல்லா மரமும் அப்படித்தான், தெரு முழுக்க இலை கொட்டும். அது எனக்குப் பழகிய காட்சி. ஆனால் திராட்சை இலை தானாகக் கொட்டி நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது.

நம் ஊரில் திராட்சை தூங்குவதில்லை, பிள்ளைகளா. நீங்கள் தினம் பார்க்கிறீர்கள், அதனால் இது ஒரு அதிசயமாகவே தெரியாது. ஒரு தோட்டத்தில் பூ, அடுத்ததில் பிஞ்சு, அதற்கு அடுத்ததில் பழம். வருடத்தில் எந்த நாள் வந்தாலும் பள்ளத்தாக்கில் எங்கேயோ ஒரு பந்தலில் திராட்சை அறுத்துக்கொண்டிருப்பார்கள். பழம் எடுத்ததும் கொஞ்ச நாள் ஓய்வு, உடனே கவாத்து. கொடியை வெட்டி இலையை உருவிவிட்டால் வெட்டின இடத்துக்குக் கீழே மொட்டு கண் திறந்துவிடும். நம் ஊரில் கொடியை எழுப்புவது கத்தரி.

கவாத்து நாள்கள் எனக்கு இன்னமும் கண்ணுக்குள் நிற்கின்றன. பந்தலுக்கு அடியில் எப்போதும் இருட்டாக, ஈரமாக, குளிர்ச்சியாக இருக்கும். கவாத்து அன்று மட்டும் வெயில் உள்ளே வரும். பத்துப் பேர் ஒரு பக்கமிருந்து வெட்டிக்கொண்டே போக, அவர்கள் பின்னாலேயே வெளிச்சமும் நடந்து வரும். முந்தின நாள் குனிந்து நடந்த இடத்தில் அன்று தலைக்கு மேல் வானம். வெட்டின கொடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும், சட்டையெல்லாம் நனையும். கேனில் டீ வரும். வெட்டிக் குவித்த கொடியின் பச்சை வாசமும் டீ வாசமும் சேர்ந்து ஒரு வாசம். அதற்குப் பெயர் இல்லை.

அங்கே மாரியக்கா என்று ஒருவர் இருந்தார். கவாத்து ஆட்களுக்கு அவர்தான் தலைவி. நான் லாரியில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தால் விட மாட்டார்.

"என்ன டிரைவரு, சும்மா நிக்கிறீங்க? ஒரு கத்தரியப் புடிங்க."

நான் ஆசையாக இறங்கிப் போய் நாலு கொடி வெட்டுவேன். அவர் வந்து பார்ப்பார். என் கையிலிருந்து கத்தரியை மெதுவாக வாங்கிக்கொள்வார்.

"வேணாம் சாமி. நீங்க ஸ்டியரிங்கையே புடிங்க. இந்தத் தோட்டக்காரரு புள்ளகுட்டிக்காரரு."

பந்தல் முழுக்கச் சிரிப்பு அலை அடிக்கும். இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அந்த வெளிச்சத்தில் ஒருமுறை போய் நிற்க வேண்டும்.

5

இலை கொட்டின கொடியைப் பார்த்ததும் இதெல்லாம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. இலை விழுந்துவிட்டது, அப்படியென்றால் கவாத்துக்கு நேரம் வந்துவிட்டது. வெளியே உறைபனி. பாவம், சின்னக் கொடி, குளிரில் நடுங்கும். கார்த்திகை தீபத்தையொட்டி ஒரு நாள், தொட்டியைத் தூக்கி ஹாலுக்குள் கொண்டுவந்து, ஹீட்டர் காற்று வருகிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். கத்தரியை எடுத்தேன்.

கயல் ஓடிவந்தாள். "அப்பா, வெய்ட்! எங்க சயின்ஸ் மிஸ் சொன்னாங்க, க்ரேப்ஸுக்கு விண்டர் வேணுமாம். அது தூங்கணும். கராஜ்ல வச்சா போதும். இப்ப கட் பண்ணக் கூடாது, விண்டர் முடியுறப்போதான் பண்ணணும்."

"உங்க மிஸ் கம்பத்துல பொறந்தாங்களா?"

"நோ…"

"நான் பொறந்தேன்."

சமையல் கட்டிலிருந்து வளர்மதியின் குரல் வந்தது. "ஆமாமா, ஒங்கப்பா பொறக்குறப்பவே கையில கத்தரியோடதான் பொறந்தாரு. ஆஸ்பத்திரியே பயந்துபோச்சு."

நான் பந்தல் உயரம் கணக்குப் பார்த்து நுனியை வெட்டினேன். நம் ஊரில் இளங்கொடியை அப்படி வெட்டினால் இரண்டு பக்கமும் கை மாதிரி கிளை பிரியும். தண்ணீர் ஊற்றினேன். காத்திருந்தேன்.

புது வருடம் பிறந்த வாரம், மொட்டு உடைந்தது! இளஞ்சிவப்பாக, பஞ்சு ஒட்டினது மாதிரி தளிர். வெளியே முழங்கால் வரைக்கும் பனி, உள்ளே என் கொடி துளிர்க்கிறது. உங்களுக்கெல்லாம் வீடியோவில் காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? "அண்ணே, கம்பத்தையே அங்க தூக்கிட்டுப் போயிட்டியே!" என்று உங்கள் அப்பா கத்தினான். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. கடைக்கு வந்த ஆட்களிடமெல்லாம் போனைக் காட்டினேன். வெங்காயம் எடுக்க வந்த ஒரு அங்கிள், தன் வீட்டுக் கருவேப்பிலைச் செடி போட்டோவைப் பதிலுக்குக் காட்டிவிட்டுத்தான் போனார்.

பொங்கல் தாண்டியதும் தளிர் நீண்டது. நீண்டுகொண்டே போனது, தடிக்கவில்லை. வெளுத்து, துவண்டு, ஜன்னலைப் பார்த்துச் சாய்ந்தது. இங்கே ஜனவரியில் சூரியன் வருவதே விருந்தாளி மாதிரிதான், வந்த வேகத்தில் போய்விடும். இலை காகிதம் மாதிரி ஆனது.

"நூடுல்ஸ் மாதிரி இருக்குப்பா" என்றாள் கயல்.

தண்ணீர் அதிகம் ஊற்றினேன், இன்னும் துவண்டது. ஹீட்டர் பக்கம் இன்னும் நெருக்கி வைத்தேன், நுனி கருகியது. எனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் வெயில் உள்ள ஊர் வைத்தியம். பிப்ரவரியில் கடைசி இலை விழுந்தபோது கயல் அதைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"யூ வோக் இட் அப், அப்பா. அது தூங்கிட்டு இருந்துச்சு."

கோபமாகச் சொல்லவில்லை.

6

அதே வாரம்தான் விசா ஆபீஸிலிருந்து தகவல் வந்தது. இருக்கலாம் என்றும் இல்லை, கிளம்பு என்றும் இல்லை. இன்னும் காகிதங்கள் வேண்டுமாம். வளர்மதி செய்கிற வேலைக்கு அவள் படித்த படிப்புத்தான் தேவை என்று நிரூபிக்க வேண்டுமாம். அவள் அந்த வேலையைப் பல வருடமாகச் செய்துகொண்டிருக்கிறாள். கம்பெனி வக்கீல், பயப்பட ஒன்றுமில்லை என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்துதான் எங்களுக்குப் பயம்.

சாப்பிடும்போது அதைப் பற்றித் தணிந்த குரலில் பேசினோம். கயல் தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை.

"தே சே நோன்னா, நாம கம்பம் போயிடணுமா?"

வளர்மதி என்னைப் பார்த்தாள். "போற மாதிரிதான் வரும், கண்ணு" என்றேன். "பள்ளிக்கூடம் லீவு விட்டதும். அங்க நம்ம வீடு இருக்கு, சித்தப்பா இருக்காரு, மகிழினி இருக்கா, சரவணன் இருக்கான். ஜாலியா இருக்கும்."

"ஐ நோ. தே ஆர் நைஸ்." தோசைத் துண்டைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள். "ஆனா நான் பேசினா சிரிப்பாங்க. இங்க அம்மா பேசினா என் ஃப்ரெண்ட்ஸ் சிரிப்பாங்க. அங்க நான்."

வளர்மதி எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். மேஜை மேல் இருந்த சொம்பில் தண்ணீர் நிறையவே இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கயல் அந்தத் தொட்டியைத் தானே தரையில் இழுத்துக்கொண்டு கராஜுக்குப் போனாள். நான் பிடிக்கப் போனேன், விடவில்லை.

"பேக்யார்டுல இருந்துச்சு. ஹாலுக்குக் கொண்டுவந்தீங்க. இப்ப கராஜ். பாவம்ப்பா. எங்கயும் அத இருக்க விட மாட்டேங்கறோம்."

பழைய போர்வையை எடுத்துத் தொட்டியைச் சுற்றிக் கட்டினாள். கொடிக்கு இல்லை, தொட்டிக்கு. குளிர் வேருக்குத்தான் ஆகாது என்று அவள் மிஸ் சொன்னாராம். மண் தூசு பறக்காத அளவுக்கு மட்டும் அவ்வப்போது ஒரு கால் தம்ளர் தண்ணீர் விட்டாள். செத்துப்போன கொடிக்கு எதற்கு என்று நான் நினைத்தேன். அவள் கராஜ் விளக்கை அணைத்துவிட்டு வருவாள், வெளிச்சம் பட்டால் விழித்துக்கொள்ளுமாம்.

பிள்ளைகளா, நீங்கள் விளக்குமாற்றுக் குச்சி என்று சொன்னது அந்தச் சமயத்தில்தான். உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. நான் கூட உங்களோடு சேர்ந்து சிரித்தவன்தானே. அவள் "அது வந்து… அது…" என்று தேடினாளே, அந்த இடத்தில் சொல்ல வந்தது "தூங்குது" என்பதைத்தான். அப்புறம் என்னிடம் வந்து, "தமிழ் வேர்ட் மறந்துடுச்சுப்பா, எல்லாரும் பாத்தாங்க" என்று சொன்னாள். தினம் சொல்கிற வார்த்தைதான். எல்லோரும் பார்க்கும்போது அதுவும் ஓடிப்போய்விடுகிறது. எனக்கு இங்கே பேங்க் கவுன்டரில் அப்படித்தான் ஆகும். அடுத்த முறை அவள் தேடும்போது கொஞ்சம் காத்திருங்கள். கிடைத்துவிடும்.

7

ஏப்ரல் வந்தது. பனி கரைந்து, ரோட்டோரத்தில் மஞ்சள் பூ பூத்தது. ஒரு சாயங்காலம் கயல் என்னைக் கராஜுக்குக் கூப்பிட்டாள். நகத்தால் கொடியின் பட்டையை மேலே சுரண்டினாள். உள்ளே பழுப்பு நிறம், காய்ந்த சுள்ளி. நடுவில் சுரண்டினாள், அதுவும் பழுப்பு. நேரம் கெட்டு வெட்டியும் எழுப்பியும் நானே கொன்றுவிட்டேன் என்றுதான் தோன்றியது. அவள் குனிந்து, மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சுரண்டினாள்.

பச்சை.

"அப்பா! லுக்! லுக்!"

வெள்ளரிக்காய்த் தோலுக்கு அடியில் இருக்குமே, அந்தப் பச்சை. அதற்குக் கீழே இரண்டு மொட்டு, அரிசி அளவில், உப்பிக்கொண்டு இருந்தன.

"அப்ப அதுக்கு மேல உள்ளதெல்லாம் வெட்டிரணும் கண்ணு."

"ஆல் ஆஃப் இட்?" அவள் முகம் வாடிவிட்டது. "அது ஃபுல் சம்மர் வளந்ததுப்பா. என்னைவிட டாலா."

"மேல உசுரு இல்ல. விட்டு வச்சா அதுக்குப் பாரம்தான்."

சொல்லிவிட்டேனே தவிர எனக்குக் கை வரவில்லை. கத்தரியை அவளிடம் நீட்டினேன். "இந்தத் தடவ நீ வெட்டு. எங்கன்னு நீயே சொல்லு."

அவள் வெகுநேரம் பார்த்தாள். மேல் மொட்டுக்கு மேலே ஒரு விரல் இடம் விட்டு, "இங்க" என்றாள். அவள் கை போதவில்லை, இரண்டு கையாலும் அழுத்தினாள். நறுக்கென்று விழுந்தது. போன கோடையில் வளர்ந்தது முழுவதும் அவள் காலடியில் கிடந்தது. வெட்டின இடத்தை இருவரும் குனிந்து பார்த்தோம். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் நடுவில் ஈரம் மினுங்கியது. ஈரம் திரண்டு ஒரு துளியாகி, உருண்டு கீழே ஓடியது. அடுத்த துளி வந்தது.

"இஸ் இட் க்ரையிங்?"

"இல்ல. கீழ வேரு தண்ணி இழுக்க ஆரம்பிச்சிருச்சு. முழிச்சிருச்சு."

"நீங்க எழுப்பலையே?"

"சத்தியமா நான் இல்ல."

அவள் சிரித்தாள். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு. உடனே அந்தச் சிரிப்பை மடக்கிவிட்டு, "மண்ணுல வைக்கலாம்ப்பா" என்றாள்.

நான் வழக்கமான பதிலைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள். "ஹவுஸ் ஓனர்கிட்ட கேட்டுட்டேன். உங்க மெயில்ல இருந்து. சாரி. புல்ல கெடுக்காம பேக்யார்டுல எங்க வேணாலும் வைங்கன்னு சொல்லிட்டார்." அப்புறம் குரலை இறக்கி, "நாம போயிட்டாலும் அது இருக்கட்டும். வேற யாராவது சாப்பிடுவாங்க" என்றாள்.

மண்வெட்டியை எடுத்தேன்.

களிமண். தோண்டத் தோண்டக் கல்லாக வந்தது. வேலியை ஒட்டி ஒரு குழி தோண்டி, தொட்டியைக் கவிழ்த்தோம். வேர் தொட்டியின் உருவத்திலேயே சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது. கயல் விரலால் ஒவ்வொன்றாக அவிழ்த்து, குழியில் விரித்துவிட்டாள். மண் தள்ளினோம். வெளியே தெரிந்தது ஒரு சாண் குச்சி, இரண்டு மொட்டு. அவ்வளவுதான். தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றபோது வளர்மதியின் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

ஆபீஸ் பையோடு நேராகப் பின்பக்கம் வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டேன்.

"ஏதாவது வந்துச்சா?"

"ஒண்ணும் வரல."

அப்புறம்தான் காலியான தொட்டியைப் பார்த்தாள். குழியைப் பார்த்தாள். மண் அப்பிய எங்கள் இரண்டு பேர் கையையும் பார்த்தாள். நாங்கள் திருட்டு மாங்காயோடு பிடிபட்டவர்கள் மாதிரி நின்றோம். கயல் என் பின்னால் வந்து சட்டையைப் பிடித்துக்கொண்டாள். குழாயிலிருந்து தண்ணீர் என் செருப்பில் கொட்டிக்கொண்டிருந்தது, நிறுத்தத் தோன்றவில்லை.

வளர்மதி பையைக் கீழே வைத்தாள். ஷூவைக் கழற்றினாள். ஈரப் புல்லில் வெறுங்காலோடு நடந்து போய்க் கொடிக்குப் பக்கத்தில் நின்றாள். வேலியைப் பார்த்தாள், வீட்டுச் சுவரைப் பார்த்தாள், தலையை உயர்த்தி வெயில் வருகிற பக்கத்தைப் பார்த்தாள்.

"காய்க்க எத்தன வருஷம் ஆகும் மாமா?"

"இப்ப அடியோட வெட்டியாச்சு. இங்கேருந்து மூணு வருஷம்."

அவள் வேலிக்கும் கொடிக்கும் நடுவில் காலால் அடி வைத்து அளந்தாள்.

"வேலிய ஒட்டிக் கொண்டுபோயி வச்சிருக்கீங்களே, ரெண்டு பேரும். பந்தல் எங்குட்டுப் போடுறது? இன்னும் ரெண்டடி அங்கிட்டுத் தள்ளி வச்சிருக்க வேணாமா?"

மறுபடியும் தோண்டினோம்.